அயலூர் அறையில் மழலைச் செல்வம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

     

ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, என்ன பொருள் பற்றிப் பேசுவது என்று தயங்கினேன். எனக்கு முன்னே பேசியவர்கள் இலக்கியக் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள். நானோ பூமிக்கு அடியில் 22 ஆண்டுகள் பாறையோடு பழகியவன். ஆகவே நான் பட்டறிந்த ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். விடுமுறைக்கு வெளியூர் செல்கிறோம்; விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறோம். அந்த அறைக்குள்ளே நம் சிறு குழந்தையை இடரின்றிக் காப்பது எப்படி? இதுவே என் பொருள். இது ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. முடிவில் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

நம் ஸ்கெலட்டனிலும் தங்கவயலின் மற்றப் பகுதிகளிலும் நாம் வளர்ந்த வகையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் இங்கே பிழைக்க வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடு. ஓர் அறை, ஒரு வாசல், அதை ஒட்டி அடுத்த வீட்டு வாசல். இட வசதி இல்லை. ஆனால் கண்களுக்குக் குறைவில்லை. ஒரு குழந்தை தவழ்ந்து தெருவுக்கு வந்தால், பத்து வீட்டுத் தாய்மார் பார்ப்பர். "யார் வீட்டுப் பிள்ளை அது? தூக்குங்கள்!" என்று ஒரு குரல் எழும். பெற்றவள் அடுப்படியில் இருந்தாலும், பெறாதவள் ஒருத்தி ஓடி வந்து இடுப்பில் தூக்கிக்கொள்வாள். குழந்தையை வளர்த்தது வீடு மட்டும் அன்று; அந்த லைன் முழுவதும் சேர்ந்தே வளர்த்தது.

இன்று காலம் மாறிவிட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போய்வர வேண்டும் என்று அவர்கள் விரும்புவது நியாயமே. வேளாங்கண்ணிக்குச் செல்கின்றனர், திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் செல்கின்றனர், கோடையில் உதகைக்குப் போகின்றனர். போகட்டும், மகிழட்டும். ஆனால் விடுதி அறை நம் லைன் வீடு அன்று. அங்கே கதவைச் சாத்திவிட்டால் அண்டை வீடு இல்லை, அக்காள் இல்லை, அத்தை இல்லை. அந்த அறையை நாம் அறியோம். அந்த அறையும் நம் குழந்தையை அறியாது.

சில ஆண்டுகளுக்கு முன் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். இரவெல்லாம் பயணம். காலையில் ஒரு விடுதியின் இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. மருமகன் பெட்டிகளை எடுத்துவரக் கீழே போனார். என் மகள் குழந்தையின் பாலுக்கு வெந்நீர் கேட்கச் சென்றாள். மனைவி களைப்பால் கட்டிலில் சாய்ந்தாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பாட்டி பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். தாத்தா பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். இரண்டரை வயதுப் பேத்தி குளியலறைக்குள் புகுந்து கதவைத் தள்ளினாள். உட்புறத் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதை இழுத்து விட்டாள். போட்டுக்கொள்ளத் தெரிந்த குழந்தைக்கு எடுக்கத் தெரியவில்லை.

முதலில் சிரிப்பொலி கேட்டது. பிறகு குழாய் திறந்து தண்ணீர் விழும் ஓசை. பிறகு "தாத்தா" என்று ஓர் அழுகைக் குரல். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அன்பர்களே, சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறியதைக் கேட்டவன் நான். அந்த ஓசையைவிட அன்று கேட்ட மௌனமே என்னை அதிகம் நடுங்கச் செய்தது. விடுதியில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் நாற்காலி போட்டு ஏறி, மேலே இருந்த காற்றுச் சன்னலின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இறங்கிக் கதவைத் திறந்தார். முன்பே பாதி நிரம்பியிருந்த வாளியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தலைகுனிந்து, தண்ணீருக்குள் விழுந்துவிட்ட தன் காலணியை எடுக்க என் பேத்தி எட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓர் அங்குலம் எட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இளைஞரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

குற்றம் விடுதியினுடையது அன்று, என்னுடையது. ஏன் என்று சொல்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஷிப்டு தொடங்கும்போது வேலையிடத்திற்குப் போனவுடன் நாம் முதலில் என்ன செய்தோம்? துளைக் கருவியையா தொட்டோம்? இல்லை. விளக்கை உயர்த்தி மேற்பாறையைப் பார்த்தோம், கடப்பாரையால் தட்டினோம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளவு. அதைப் பெயர்த்துத் தள்ளிய பிறகே அதன் கீழே நின்றோம். நேற்று தட்டிப் பார்த்தோமே என்று இன்று எவரும் விடவில்லை. 22 ஆண்டுகள் என் தலைக்கு மேலிருந்த பாறையைத் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் வேலையில் இறங்காத நான், என் பேத்தி நுழைந்த அறையைத் தட்டிப் பார்க்கவில்லை. அதுவே நான் செய்த பிழை.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. விடுதி அறைக்குள் சென்றதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள், கட்டிலில் சாயாதீர்கள். ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். மற்றொருவர் பத்து நிமிடம் அறையைச் சோதிக்கட்டும். நின்று பார்த்தால் போதாது. தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத மின்சாரத் துளையும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மாத்திரையும் அப்போது தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது சன்னலும் பால்கனியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில் அடுக்குமாடிச் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து மாய்வது ஒரு காலத்தில் பெருந்துயராக இருந்தது. 1972ஆம் ஆண்டில் அந்நகரின் சுகாதாரத் துறை, "குழந்தைகளுக்குப் பறக்கத் தெரியாது" என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தாய்மாருக்கு அறிவுரை கூறியதோடு நில்லாமல், சன்னல்களுக்குக் கம்பித் தடுப்புகளையும் இலவசமாக வழங்கினர். பிராங்ஸ் என்னும் பகுதியில் இத்தகைய விபத்துகள் இரண்டே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தன. 1976இல், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் தடுப்பு அமைக்க வேண்டும் என்று அந்நகரம் சட்டமே செய்தது. "பார்த்துக்கொள்" என்று பல்லாண்டு சொல்லியும் நடவாததை, ஒரு கம்பி செய்து காட்டியது.

அதே நகரில் 1991 மார்ச் 20ஆம் நாள், எரிக் கிளாப்டன் என்னும் புகழ்பெற்ற இசைவாணரின் நான்கு வயது மகன் 53ஆம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து உயிர் நீத்தான். துடைப்பதற்காகத் திறக்கப்பட்ட சன்னல் அது. செல்வமும் புகழும் அந்தச் சன்னலை மூடவில்லை. ஆகையால் சன்னலில் கம்பி இல்லையென்றால் மூடித் தாழிடுங்கள். கொசுவலையை நம்பாதீர்கள், அது கொசுவைத் தடுக்கும், குழந்தையைத் தாங்காது. சன்னலுக்கு அருகே கிடக்கும் நாற்காலி, மேசை, கட்டில், ஏன், நம் பெட்டியைக்கூட அப்பால் நகர்த்துங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது பல நாடுகளின் கட்டட விதி. நம் கையை முட்டியாக மடக்கி நுழைத்தால் அது தாராளமாகப் போய்வருகிறதா? அப்படியானால் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்து அறை கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

அடுத்தது கதவுகள். குழந்தைக்கு எட்டும் தாழ்ப்பாள் உள்ள கதவு எதுவாயினும் அதன் மேல்விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். கதவு முழுவதும் சாத்தாது, தாழும் விழாது, பிஞ்சு விரலும் நசுங்காது. செலவில்லாத வழி இது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு கண்ணாடி உடைந்திராது. வெளிக் கதவுக்கோ இதற்கு மாறான முறை. அதன் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டு வையுங்கள். கதவு திறந்தால் நடைபாதை, படிக்கட்டு, லிப்டு, சில இடங்களில் நீச்சல் குளம். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது நடக்கப் பழகிய குழந்தைக்கு மிகவும் பொருந்தும். ஆனால் சாவி பெரியவர் அனைவருக்கும் தெரிந்த ஓரிடத்தில் தொங்க வேண்டும். இரவில் தீப்பற்றினால் இருட்டில் சாவியைத் தேடும் நிலை வரலாகாது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

மூன்றாவது குளியலறை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆறும் குளமும் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணாதீர்கள். சிறு குழந்தைக்குத் தலை கனம். வாளிக்குள் தலைகீழாகச் சாய்ந்தால் தானாக நிமிர முடியாது, கூக்குரலும் எழுப்பாது. சில அங்குலத் தண்ணீரே போதும். எனவே வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கீசர் குழாயும் அவ்வாறே ஆபத்து. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் சில வினாடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். குழந்தையின் தோலோ நம் தோலினும் மெல்லியது. முதலில் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலந்து, முழங்கையால் சோதித்தபின் குளிப்பாட்டுங்கள். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் பற்பசையும் பேனா மையும் தடவ வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான்காவது மின்சாரம். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரத்தை வரவழைத்துக்கொண்ட ஊர் நம்முடையது. மின்சாரத்தின் பெருமையையும் அதன் சினத்தையும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் விடுதிகளில் கட்டிலின் தலைமாட்டில், தாழ்வாக, மின்சாரத் துளைகள் வைத்திருப்பர். அவற்றை நாற்காலியாலோ பெட்டியாலோ மறையுங்கள். மேசை விளிம்பில் தொங்கும் கெட்டில் ஒயரைக் குழந்தை இழுத்தால் கொதிநீர் அதன் தலையிலேயே கவிழும். கெட்டிலை உயரத்தில் வையுங்கள். ஒயரைச் சுருட்டி உள்ளே தள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் ஒயரை வெறுமனே தொங்கவிடாதீர்கள். குழந்தை அதை வாயில்தான் வைக்கும்.

ஐந்தாவது, வாயில் போகக்கூடியவை. இங்கேதான் நாம் பிறரைக் குறை கூற முடியாது. நஞ்சை நாமே கொண்டுபோகிறோம். பாட்டியின் சர்க்கரை வியாதி மாத்திரை, தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை, இவை வீட்டில் பரணில் இருக்கும். பயணத்திலோ தரையில் கிடக்கும் கைப்பையில் இருக்கும். பெரியவரைக் காக்கும் ஒரு மாத்திரை சிறு குழந்தையின் உயிருக்கே உலை வைக்கலாம். அலமாரியிலும் கைகழுவும் தொட்டியிலும் போட்டிருக்கும் வெள்ளை நாப்தலீன் உருண்டைகளைக் குழந்தை மிட்டாய் என்றே நினைக்கும். எடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கொசுவிரட்டித் திரவமும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இவற்றினும் கொடியது சில ரிமோட்டுகளிலும் விளையாட்டுப் பொருள்களிலும் உள்ள பொத்தான் போன்ற சிறு பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாயை அரித்துப் புண்ணாக்கும். அமெரிக்க நாடு 2022இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது என்றால் இதன் கொடுமையை உணரலாம். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்கச் செய்யாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். ரயிலில் வாங்கிய நிலக்கடலைப் பொட்டலமும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்குப் போகலாகாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

ஆறாவது, சாயக்கூடியவை. இழுப்பறைகளைப் படியாக எண்ணிக் குழந்தை ஏறும். பீரோ முன்புறம் சாயும். 2016இல் ஐக்கியா என்னும் உலகப் புகழ்பெற்ற நிறுவனம் அமெரிக்காவில் விற்ற 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டகங்களை இக்காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இழுப்பறையைத் திறக்க முடியாதபடி நாற்காலியை அணைத்துப் போடுங்கள். உயர்ந்த கட்டிலில் விளிம்பில் படுக்க வைப்பதைவிடத் தரையில் மெத்தை விரிப்பது நலம். இரு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு நடுவே கிடத்தாதீர்கள். அவை விலகினால் குழந்தை இடையில் அகப்படும்.

அன்பர்களே! இத்தனையும் சோதித்தாயிற்று. ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. 2007 மே 3ஆம் நாள் இரவு, போர்ச்சுகல் நாட்டின் ஒரு கடற்கரை ஊரில், விடுமுறைக்கு வந்திருந்த பிரிட்டன் நாட்டுப் பெற்றோர் தம் மூன்று குழந்தைகளையும் அறையில் உறங்க வைத்துவிட்டு, அருகிலிருந்த உணவகத்துக்குச் சென்றனர். இடையிடையே வந்தும் பார்த்தனர். மெடலின் மக்கான் என்னும் மூன்று வயது மூத்த மகள் அன்றிரவு காணாமற் போனாள். உலகமே தேடியது, ஆண்டுகள் பல கழிந்தும் அவளுக்கு நேர்ந்தது இன்னதென்று தெரியவில்லை. அந்தப் பெற்றோரைப் பழிக்க எனக்கு நாவெழாது. நம்மில் எத்தனை பேர், "தூங்குகிறான், ஒரு நடை கீழே போய்ச் சாப்பிட்டு வந்துவிடுவோம்" என்று எண்ணியதில்லை? உறங்கும் குழந்தையாயினும் தனியே விட்டுப் பூட்டிச் செல்லாதீர்கள். ஒருவர் சாப்பிடட்டும்; ஒருவர் இருக்கட்டும்.

இங்கும் சுரங்கமே நமக்கு ஆசான். கேஜ் எனும் கூண்டை இயக்கியவர், அடுத்த ஷிப்டுக்காரர் வந்து பொறுப்பேற்காமல் தம் இடத்தை விட்டு எழுந்ததுண்டா? குழந்தைக்கும் அப்படி ஒரு ஷிப்டு வேண்டும். "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்; "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். எட்டுப் பேர் இருந்த அறையிலும் குழந்தை தவறிப் போவது, எட்டுப் பேரும் மற்ற ஏழு பேர் பார்க்கிறார்கள் என்று நம்புவதாலேயே. லைனில் பத்துப் பேர் பார்த்தார்களே என்பீர்கள். அங்கே அவர்கள் வாசலிலேயே வாழ்ந்தார்கள், பார்ப்பது பழக்கமாயிருந்தது. விடுதியில் அதை நாம் முயன்று உண்டாக்க வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்வதால் குழந்தையைக் கைதிபோல் அடைத்து வைக்கச் சொல்கிறேன் என்று கொள்ளாதீர்கள். அறை இடரற்றதாக இருந்தால்தான் குழந்தையை "தொடாதே, போகாதே" என்று நொடிக்கொரு தரம் அதட்டாமல் விளையாட விடலாம். வீட்டிலிருந்து அதன் பழைய பொம்மையையும் போர்வையையும் கொண்டுபோங்கள். தரையில் பாய் விரித்து நீங்களும் உட்கார்ந்து கதை சொல்லுங்கள். 108, 112 என்னும் உதவி எண்களைப் பெரியவர்களும் மனத்தில் வையுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் பகுதியிலிருந்து குடும்பங்கள் புறப்படும் காலத்தில், இந்த ஆறு சோதனைகளையும் ஒரு சிறு தாளில் அச்சிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அச்சுச் செலவில் என் பங்கை நான் தருகிறேன். பூமியின் அடியிலிருந்து பொன்னை எடுத்து உலகுக்குக் கொடுத்துவிட்டோம். நம்மிடம் எஞ்சியுள்ள பொன் இந்தக் குழந்தைகளே. என் பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். அன்று நடந்தது அவளுக்கு நினைவில்லை, எனக்கு மறக்கவில்லை. உங்களில் எவரும் அத்தகைய நினைவு ஒன்றைச் சுமக்க நேரலாகாது என்பதற்காகவே இவ்வளவும் கூறினேன்.